ஒரு கைப்பிடிப் பேர் வாழும் தீவை யார் பார்த்துக்கொள்வது?

சிங்கப்பூரின் பிடோக்கில் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி நின்றுபோனால் நகர மன்றத்துக்குப் போன் போடுகிறோம். கீழ்த்தளத்தில் விளக்கு எரியவில்லை, நடைபாதைக் கூரை ஒழுகுகிறது, குப்பைக் குழாய் அடைத்துக்கொண்டது என்றாலும் அதே எண்தான். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். அந்த மன்றத்தை நடத்தும் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்தலில் நாமே தேர்ந்தெடுக்கிறோம். யாரிடம் கேட்பது, யார் காசு, யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே அலுவலகத்தில் விடை கிடைத்துவிடுவதால் இதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

சாங்கி முனையிலிருந்து பம்போட் என்னும் சிறு மோட்டார் படகில் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் அந்த விடை மாறிவிடுகிறது. புலாவ் உபின் பத்துச் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுப் பெரியது. கருங்கல் குவாரிகள் ஓடிய காலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த தீவு. இன்று அங்கேயே படுத்து எழுகிறவர்கள் சில பத்துப் பேர்தான். சிங்கப்பூர் முழுவதற்கும் சராசரி எடுத்தால் சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரம் பேர் வருகிறது. உபினில் மூன்று நான்கு பேர்.

அங்கே கடற்கரைத் துப்புரவுக்குப் போயிருந்தபோது, எங்கள் தொண்டூழியர் குழுவில் இருந்த ஓர் அண்ணன் கிணற்றங்கரையில் நின்றுகொண்டு கேட்டார்: “தம்பி, இங்க தண்ணி பில்லு யாருக்குக் கட்டுறாங்க?” யாருக்கும் இல்லை. குழாய்த் தண்ணீரே கிடையாது. கிணற்றிலிருந்து மோட்டார் இழுக்கிறது, மோட்டாருக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசலுக்குப் படகு. படகுத்துறைப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும், 2013-இல் எரிசக்திச் சந்தை ஆணையம் சோதனை முயற்சியாகத் தொடங்கிய சிறு மின்கட்டமைப்பு இருக்கிறது. “அப்ப ஏதாச்சும் கெட்டுப்போனா யாரைக் கூப்பிடுறது?” என்று அடுத்துக் கேட்டார் அண்ணன்.

அந்தக் கேள்விக்கு நாம் இப்போதே நன்றாக விடை தேடி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். உபினில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அதை வெறும் பூங்காவாக விட்டுவிட்டால் நிர்வாகம் சுலபம். பாசிர் ரிஸ் பூங்காவை நடத்துவதுபோல் நடத்திவிடலாம். ஆனால் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் விளக்கெரிய வேண்டும், யாராவது அங்கே குடியிருக்க வேண்டும் என்று விரும்பினால், ஆள் குறைவான இடத்தை எப்படி நிர்வகிப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். நான் இரண்டாவது கட்சி. நகராட்சியே இல்லாத பெருநிலங்களைப் பல தலைமுறையாக நிர்வகித்து வரும் நாடுகள் இருக்கின்றன. அவற்றின் வழிமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு எது பொருந்தும் என்பது தெளிவாகிறது.

முதலில் நம்மூர் நிலவரம். இரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் சிங்கப்பூரிலும் நகரம் வேறு, நாட்டுப்புறம் வேறு என்றுதான் நிர்வாகம் நடந்தது. நகர எல்லைக்கு வெளியே கிராமப்புற வாரியம் சாலையும் சாக்கடையும் பார்த்துக்கொண்டது. செம்பவாங், நீ சூன் பக்கம் தோட்டத்திலும் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அந்த வாரியத்தின் கீழ்தான் இருந்தன. 1959-இல் தன்னாட்சி பெற்ற அரசாங்கம் நகர சபையின் பணிகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இவ்வளவு சின்ன இடத்துக்கு இரண்டு அடுக்கு அரசாங்கம் எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. பிறகு 1988-இல் நகர மன்றச் சட்டம் வந்தது. ஆனால் அந்த மன்றங்களின் வேலை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பது. வீவக புளோக் இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை.

ஆகவே தீவுகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் அமைப்பின் கைக்குப் போயின. செந்தோசாவுக்கு 1972-இல் தனிக் கழகம் அமைந்தது. செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு தீவுகள் சிங்கப்பூர் நில ஆணையத்திடம் இருக்கின்றன. செமக்காவ் குப்பை நிரப்புமிடம் என்பதால் தேசியச் சுற்றுப்புற வாரியம், ஜூரோங் தீவு ஆலைகளுக்கு என்பதால் தொழிற்பேட்டைகளை நடத்தும் ஜேடிசி, தெக்கோங் ராணுவத்துக்கு. எந்தத் தீவு எதற்குப் பயன்படுகிறதோ அந்தப் பயனை வைத்து நிர்வாகி அமைகிறார். குடியிருக்கும் மனிதரை வைத்து நிர்வாகம் அமைய வேண்டிய தீவு என்றால் அது உபின் ஒன்றுதான்.

2013-இல் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். உபினில் 22 வீடுகளுக்கு ஒரு கடிதம் போனது. நிலம் ஏற்கெனவே அரசாங்கத்தால் கையகப்படுத்தப்பட்டது, இனி தற்காலிக உரிமம் பெற்று வாடகை கட்ட வேண்டும் என்பது விஷயம். ஆனால் கடிதத்தின் தலைப்பில் இடத்தைக் காலி செய்வது பற்றியும் சாகசப் பூங்கா பற்றியும் இருந்ததால் வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று எல்லாரும் பதறிப்போனார்கள். யாரையும் வெளியேற்றவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. என்னைப் பொறுத்தவரை அங்கே குறை யாருடைய கெட்ட எண்ணத்திலும் இல்லை. நில உரிமையைப் பார்ப்பவர் ஒருவர், கடிதம் எழுதுபவர் இன்னொருவர், பூங்காவைத் திட்டமிடுபவர் வேறொருவர். அந்த 22 வீட்டையும் முழுதாகப் பார்க்கும் கண் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஆண்டே, 2014-இல், உபின் திட்டம் தொடங்கியது. தீவை நேசிப்பவர்களையும் அங்கு வாழ்பவர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். 2016 ஜூனில் தேசியப் பூங்காக் கழகம் உபினுக்கான ஒரே மைய நிர்வாகியானது. இது பெரிய முன்னேற்றம் என்று மனதாரச் சொல்வேன். அதே 2014-இல்தான் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினக் கூட்ட உரையில் புக்கிட் கோம்பாக்கில் கிடந்த மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசினார். சரிவு ஓர் அமைப்பின் பொறுப்பு, நடுவில் உள்ள பூங்கா இணைப்புப் பாதை இன்னோர் அமைப்பின் பொறுப்பு, சாலையோர நடைபாதை மூன்றாவது அமைப்பின் பொறுப்பு. ஒரு குச்சியைப் பொறுக்க மூன்று அட்டவணை. நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைந்தது அதே ஆண்டில்தான். நெருக்கமாக மக்கள் வாழும் இடத்திலேயே பொறுப்பு இப்படிச் சிதறும் என்றால், ஆளில்லாத இடத்தில் எப்படி இருக்கும்?

அதைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஃபிரெஞ்சுத் தீவுக்குப் போகலாம். நான் படித்தவற்றில் உபினுக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். மெல்பர்ன் நகரிலிருந்து அதிகத் தூரமில்லை, ஸ்டோனி பாயின்ட்டிலிருந்து படகில் கால் மணி நேரம், பாலம் கிடையாது. பரப்பு சுமார் 170 சதுர கிலோமீட்டர், வாழ்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர், நிலத்தின் பெரும்பகுதி தேசியப் பூங்கா. பொது மின்கம்பியும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. சூரியத் தகடு, ஜெனரேட்டர், மழைநீர்த் தொட்டி. விக்டோரியாவில் ஏறக்குறைய எல்லா நிலமும் ஏதாவதொரு மன்றத்துக்குள் வந்துவிடும், இந்தத் தீவு எதிலும் சேராது. மன்றம் இல்லாததால் மன்ற வரியும் இல்லை. வீடு கட்ட வேண்டுமானால் நிலத் திட்டமிடலுக்கு மாநில அமைச்சர், சாலைக்குப் போக்குவரத்துத் துறை, காட்டுக்குப் பூங்காத் துறை. தீப்பிடித்தால் தீவுக்காரர்களே சேர்ந்து நடத்தும் தன்னார்வத் தீயணைப்புப் படை.

அங்கே வாழ்பவர்களில் பலருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, காரணமும் புரிகிறது. வரியில்லை, தொல்லையில்லை, நம் வேலையை நாமே பார்த்துக்கொள்கிறோம் என்கிற மிடுக்கு. சமூகச் சங்கம் ஒன்று ஊர்க்குரலாக இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கத்துக்கு வரி வசூலிக்கவோ சேவை நடத்தவோ அதிகாரம் கிடையாது. கோரிக்கை வைக்கலாம், அவ்வளவுதான். ஐம்பது வயதில் மழைநீர்த் தொட்டியைக் கழுவுகிறவருக்கு இது சுதந்திரம். எண்பது வயதில் அதே தொட்டியின் ஏணியில் ஏற முடியாதவருக்கு இது அநாதரவு. உபினில் இருப்பவர்கள் எண்பதை நெருங்குகிறவர்கள் என்பதால் இந்த வழியை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன்.

அலாஸ்காவின் வழி இதைவிடப் பெரிய அளவில் இருக்கிறது, ஆனால் நமக்கு அதில் எடுத்துக்கொள்ள அதிகமில்லை. மாநிலம் முழுவதையும் மாவட்டம் போன்ற ‘பரோ’க்களாகப் பிரிக்க வேண்டும், அவை அமைப்பு பெற்றவையாகவோ பெறாதவையாகவோ இருக்கலாம் என்று அதன் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. 1961-இல் வந்த சட்டம், மன்றம் அமைக்காத பகுதி முழுவதையும் ஒரே பரோவாக்கிவிட்டது. மாநில நிலத்தில் ஏறத்தாழப் பாதி, மக்கள் 2020 கணக்கெடுப்பில் சுமார் 77,000 பேர். அங்கே மாநிலச் சட்டமன்றமே உள்ளூர் மன்றத்தின் வேலையையும் செய்யலாம். பள்ளிகளுக்கு மட்டும் வட்டாரக் கல்விப் பகுதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களும் உண்டு. சிக்கல் என்னவென்றால், தொலைதூர ஊருக்கு என்ன வேண்டும் என்று தலைநகர் ஜூனோவில் உட்கார்ந்து கைதூக்கும் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஊரின் வாக்கைப் பெற்று வந்தவர்கள் அல்லர். வரி கட்டும் பரோக்காரர்களுக்கோ, வரி கட்டாதவர்களின் பள்ளிக்கும் நாம்தான் கொடுக்கிறோம் என்ற மனத்தாங்கல். இரண்டு பக்கமும் புகைச்சல். ஒரே நாடாளுமன்றம் உள்ள நம் நாட்டில் உபின் இப்போதே அப்படித்தான் இருக்கிறது, தூரம் மட்டும்தான் குறைவு.

மெய்ன் மாநிலத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்த மாநிலத்தின் பாதி நிலம் எந்த ஊராட்சிக்கும் உட்படாதது. ஒரு கோடி ஏக்கருக்கு மேல் காடு, ஏரி, கடலோரத் தீவுகள். நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் ஒன்பதாயிரம் பேர். அங்கே வேலைகளைப் பிரித்துக்கொடுத்திருக்கிறார்கள். வரி வசூலும் கல்வியும் மாநிலத்தின் கையில். சாலை, தீயணைப்பு, குப்பை போன்றவை மாவட்ட நிர்வாகத்தின் கையில். எங்கே வீடு கட்டலாம், எங்கே மரம் வெட்டலாம் என்பதற்கு 1971 முதல் தனி ஆணையம் உண்டு, 2012-இல் அதைச் சீரமைத்துப் பெயரையும் மாற்றினார்கள். இப்போது அதன் ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேரை இத்தகைய நிலம் அதிகம் உள்ள மாவட்டங்கள் நியமிக்கின்றன.

ஆனால் என்னைக் கவர்ந்தது பணக் கணக்கு. மாநிலத் தணிக்கையாளர் அலுவலகத்தில் இந்த நிலப்பகுதிக்கென்றே ஒரு நிதி நிர்வாகி இருக்கிறார். ஓர் ஊராட்சி இருந்திருந்தால் அது எதற்கெல்லாம் செலவு செய்திருக்குமோ அதை மட்டும் பிரித்தெடுத்து ஆண்டுதோறும் தனி வரவு செலவுத் திட்டம் போடுகிறார். அதைச் சட்டமன்றம் தனியாக ஏற்க வேண்டும். அந்தத் தொகைக்கு ஏற்ப அந்த நிலத்துக்காரர்களிடம் மட்டும் வரி வாங்குகிறார்கள். மாநிலம் முழுவதற்கும் பொதுவான செலவு இதில் கலக்காது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள் அல்லவா, அதை அப்படியே சட்டமாக்கியதுபோல் இருக்கிறது. ‘உங்களுக்காக நாங்கள் கொட்டிக் கொடுக்கிறோம்’ என்று நகரத்தாரும் சொல்ல முடியாது, ‘எங்களுக்கு ஒன்றுமே செய்வதில்லை’ என்று காட்டிலிருப்பவரும் சொல்ல முடியாது. தாளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் மெய்னில் உண்டு. ஆள் குறைந்து, மன்றம் நடத்த ஆளே கிடைக்காத ஊர், தன் ஊராட்சியைக் கலைத்துக்கொண்டு இந்த நிலப்பகுதியில் சேர்ந்துவிடலாம். சட்டமன்றத்தின் ஒப்புதலும் ஊர்மக்களின் வாக்கும் வேண்டும். பேன்கிராஃப்ட் என்ற சிற்றூர் 2015-இல் அப்படிச் செய்தது. மக்கள் தேய்ந்துகொண்டே போகும் இடத்துக்கு, கௌரவமாகப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக ஒரு வாசல் இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்! நம் கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோது அப்படியொரு வாசல் இருக்கவில்லை. மறுகுடியமர்வுக் கடிதம் வரும், குடும்பங்கள் போகும், அத்தோடு முடிந்தது.

தென் ஆஸ்திரேலியா வேறு வழியில் போகிறது. மாநிலத்தின் 60 விழுக்காட்டுக்கும் மேலான பரப்பில் மன்றம் இல்லை. அந்த வறண்ட உள்நாட்டில் சில ஆயிரம் பேர் சிதறி வாழ்கிறார்கள். 1978-இல் இதற்கென ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 2010-இல் அதன் இடத்தில் அவுட்பேக் சமூகங்களுக்கான ஆணையம் வந்தது. ஆணையத்தின் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள், தேர்தல் இல்லை. ஆனால் மாரீ, ஊட்னடாட்டா போன்ற ஊர்களில் முன்னேற்றச் சங்கம் இருக்கிறது. பொதுக் கழிப்பறை, விளையாட்டு மைதானம், சமூகக் கூடம் போன்றவற்றை அந்தச் சங்கங்களே பார்த்துக்கொள்கின்றன, ஆணையம் அவற்றுக்குப் பணமும் ஆலோசனையும் கொடுக்கிறது. ஊர் மொத்தமும் தொகை போட்டு ஒரு வசதியைப் பெற விரும்பினால், ஆணையம் அந்த ஊரில் மட்டும் பங்களிப்புத் தொகை வசூலிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

இது சிங்கப்பூர் மனப்போக்குக்கு மிகவும் ஒத்துவரும். நியமன அமைப்பு மேலே, அதோடு கைகோத்து நடக்கும் உள்ளூர்ச் சங்கம் கீழே. நம் அடித்தள அமைப்புகள் இயங்கும் விதமும் ஏறக்குறைய இதுதான். உபினை நேசிப்பவர்களின் கட்டமைப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, ஆண்டுதோறும் உபின் திருவிழாவும் நடக்கிறது. குறை எங்கே என்றால், சங்கத்துக்குக் கிடைப்பதெல்லாம் மேலே இருப்பவர் மனமுவந்து கொடுப்பதுதான். நல்ல அதிகாரி இருக்கும்வரை நன்றாக நடக்கும். அவர் வேறு துறைக்கு மாறிவிட்டால்?

அந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒண்டாரியோவின் வடபகுதியில் கிடைக்கிறது. கனடாவின் அந்த மாநிலத்தில் வடக்கே பெரும்பரப்பு ஊராட்சி இல்லாத நிலம். 1979-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வாழும் வயதுவந்த பத்துப் பேர் சேர்ந்தால் கூட்டம் கூட்டலாம். கூட்டத்தில் இருப்பவர்கள் ஒரு சேவை வாரியம் வேண்டும் என்று வாக்களித்து, எந்தெந்தச் சேவைகள் என்றும் தீர்மானித்து அமைச்சரிடம் கேட்கலாம். பட்டியல் சிறியது: தண்ணீர், தீயணைப்பு, குப்பை அள்ளுவது, கழிவுநீர், தெருவிளக்கு, பொழுதுபோக்கு வசதிகள், இப்படிச் சில. அதில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தீயணைப்பு வண்டி மட்டும் போதும் என்றால் அது மட்டும். இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட வாரியங்கள் இயங்குகின்றன.

யோசித்துப் பாருங்கள், பத்துப் பேர். யாரும் தயவு பண்ண வேண்டியதில்லை, பத்துக் கையெழுத்து இருந்தால் சட்டம் காதுகொடுத்தாக வேண்டும். அதே சமயம் அந்த வாரியம் குட்டி அரசாங்கமாக வளர்ந்துவிடவும் முடியாது. நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒரு கைப்பிடிப் பேர் சேர்ந்து ஒரு காட்டின் தலையெழுத்தை எழுதிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

சாலைக்கு மட்டும் அங்கே வேறு ஏற்பாடு. உள்ளூர்ச் சாலை வாரியம் என்று தனியாக உண்டு. அதில் வாக்கு நில உடைமையாளர்களுக்கு, அதாவது கோடையில் மட்டும் வந்து தங்கும் குடில்காரர்களுக்கும் சேர்த்து. அவர்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் இரண்டு டாலர் வரை சேர்த்துப் போடுகிறது. சேவை வாரியத்தில் குடியிருப்பவர் வாக்கு, சாலை வாரியத்தில் உடைமையாளர் வாக்கு என்ற இந்த வேறுபாடு சின்ன விஷயமாகத் தெரியும். உபினுக்கு இதுதான் தலையாய கேள்வி. தெம்பனிஸில் வீவக வீட்டில் தூங்கி எழுந்து, காலையில் படகேறிப் போய்ச் சைக்கிள் கடையைத் திறந்து, மாலையில் திரும்பும் கடைக்காரர் உபின்வாசியா? இரவு தங்குபவரை மட்டும் கணக்கில் எடுத்தால் தீவின் பாதி வாழ்க்கை வெளியே போய்விடும். எல்லாரையும் எடுத்தால் குடியிருக்கும் பாட்டியின் குரலைக் கடைகளின் குரல் அமுக்கிவிடும். ஒண்டாரியோக்காரர்கள் இரண்டையும் தனித்தனி வாரியமாக்கி இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள்.

முழு மன்றமே அமைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு, நமக்கு ஒருகாலத்தில் சொந்தமாயிருந்த இடமே விடை சொல்கிறது. கிறிஸ்மஸ் தீவு 1900-இல் நீரிணைக் குடியேற்றங்களோடு (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) இணைக்கப்பட்டது. பாஸ்பேட் வெட்டிய அந்தத் தீவுக்கு நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்துதான் நடந்தது. 1958 அக்டோபர் 1-ஆம் தேதி அது ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறியது. கோக்கோஸ் தீவுகள் அதற்கு முன்பே, 1955-இல் போய்விட்டன. இன்று கிறிஸ்மஸ் தீவில் ஆயிரத்து எழுநூறு பேர் அளவிலும் கோக்கோஸில் அறுநூறு பேர் அளவிலும் வாழ்கிறார்கள். இரண்டிலும் 1992 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘ஷயர்’ மன்றம் உண்டு. குப்பையும் சாலையும் தங்கள் கையில். ஆனால் அங்கே நடப்பில் உள்ள மாநிலச் சட்டம் மேற்கு ஆஸ்திரேலியாவுடையது, பள்ளியை நடத்துவதும் அந்த மாநிலத்தின் துறைதான். அந்த மாநிலத் தேர்தலில் தீவுவாசிகளுக்கு வாக்கில்லை. கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களிக்கிறார்கள். கையில் மன்றம் இருந்தும் பெரிய விஷயங்கள் தலைக்கு மேலே முடிவாகின்றன. அறுநூறு பேருக்கே மன்ற உறுப்பினர், தலைமை நிர்வாகி, தணிக்கை என்று அத்தனையும் வேண்டியிருக்கும்போது, சில பத்துப் பேர் உள்ள உபினுக்கு முழு மன்றம் பாரமாகிவிடும். சுமப்பதற்கு அங்கே தோள்கள் இல்லை.

ஆகவே எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தேசியப் பூங்காக் கழகம் ஒரே வாசலாக இருப்பது தொடரட்டும். 2013-இன் குழப்பம் திரும்பாமல் இருக்க அதுதான் காவல். ஆனால் அதன் மேல் இரண்டு சேர்க்கைகள் வேண்டும்.

ஒன்று, ஒண்டாரியோவின் பத்துப் பேர். உபினில் வாழ்பவர்கள், நம் எண்ணிக்கைக்கு ஏற்ப ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்வோம், கையெழுத்திட்டுக் கேட்டால் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும், அங்கே எடுத்த தீர்மானத்துக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று விதி வேண்டும். கிணறு, ஜெனரேட்டர், குப்பை, அவசர மருத்துவப் படகு ஆகியவற்றுக்கு மட்டும். உபினின் கிழக்கு முனையில் உள்ள சதுப்புக் கடலோரமான செக் ஜாவாவையும் காட்டையும் பற்றிய முடிவுகள் அந்தக் கூட்டத்துக்கு வரக் கூடாது. 2001 இறுதியில் செக் ஜாவாவில் நிலமீட்பு தள்ளிவைக்கப்பட்டதற்குத் தீவு முழுக்க, நாடு முழுக்க இருந்த இயற்கை ஆர்வலர்களின் முயற்சி காரணம். அது நாட்டின் சொத்து, நாடுதான் பேச வேண்டும். கடைக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் படகுத்துறை, சாலை பற்றிப் பேசத் தனிக் கூட்டம் இருக்கட்டும்.

இன்னொன்று, மெய்னின் தனிக் கணக்கு. உபினுக்கு அரசாங்கம் செலவழிப்பதில் பெரும்பகுதி நம்மைப் போல் வார இறுதியில் போய் வருபவர்களுக்கானது: பலகைப் பாதை, கழிப்பறை, தகவல் பலகை. குடியிருப்பவருக்காகச் செலவாவது எவ்வளவு என்று தனியாகக் காட்டினால்தான், ‘நாற்பது பேருக்காக இவ்வளவு செலவா’ என்று யாராவது கேட்கும்போது நியாயமாகப் பேச முடியும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினரும் குடவோலைக்கு நிற்க முடியாதென்று. அவ்வளவு கடுமை வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாள் போதும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. இருக்கும் முதியவர்கள் கூட்டம், கையெழுத்து என்று அலைய விரும்பமாட்டார்கள், அவர்களுக்கு வேண்டியது அவ்வப்போது வந்து விசாரிக்கும் ஒரு நல்ல அதிகாரிதான் என்பது. உண்மைதான், இன்று அப்படித்தான். ஆனால் பழைய கம்பத்து வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுகிறோம் என்றால், நாளை அவற்றில் யாராவது குடிவர வேண்டும் என்றுதானே அர்த்தம்? ஜெனரேட்டர் சத்தத்துக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் துணிந்து வரும் ஓர் இளம் குடும்பம் முதலில் கேட்கப்போவது பள்ளிக்கூடப் படகு காலையில் எத்தனை மணிக்கு என்பதைத்தான். அதற்கு யாரிடம் போய் எந்த விதியின்கீழ் கேட்பது என்று தெரிந்திருந்தால் அவர்கள் வருவார்கள். இன்றைய குடியிருப்பாளர்கள் இருக்கும்போதே அந்த விதியை எழுதினால், கிணறு எங்கே வற்றும், எந்த மாதத்தில் படகு ஓடாது, இரவில் நெஞ்சுவலி வந்தால் யார் படகை எடுப்பார் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதலாம்.